ரைட்டரைக் காணோம் என்று கணினி சொன்னால்



கண்ணில் படாத பொருளெல்லாம் இல்லாத பொருளாகிவிடாது. இதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், கணினித் திரையில் "எழுதும் கருவி எதுவும் காணப்படவில்லை" என்றொரு வரி தோன்றியவுடன், நம்மிற் பலர் அக்கருவி செத்துவிட்டதென்றே முடிவு கட்டிவிடுகின்றோம். அவசரத்தில் கட்டும் இம்முடிவினால் நேரும் நட்டம் பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அதை விளக்கி, இக்குறையைத் தீர்க்கும் வழியை முறையாகக் கற்றுக்கொடுப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். சிடி, டிவிடி ஆகிய தட்டுகளில் எழுதும் கருவியை நாம் பேச்சு வழக்கில் 'ரைட்டர்' என்றே சொல்கிறோம். அப்பெயரையே இங்கும் ஆள்வோம்.

"இந்தக் காலத்தில் தட்டு யாருக்கு வேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நடந்த நிக்காஹ் காட்சிகள், பெருநாள் ஒன்றுகூடல்கள், பெரியோர் சொற்பொழிவுகள் யாவும் பெரும்பாலும் தட்டுகளில்தான் இருக்கின்றன. கைப்பேசியைத் தடவத் தெரியாத மூத்தோர் பலருக்குத் தட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தத் தெரியும். மேலும், சோனி நிறுவனம், பதிவு செய்யத்தக்க புளூ ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. இத்துறை சுருங்கி வருகிறது என்பதற்கு இஃதோர் அறிகுறி. எனவே, கையிலிருக்கும் நல்ல ரைட்டர் ஒன்றைக் கெட்டதென்று எண்ணிக் குப்பையிலெறிவது அறிவுடைமை ஆகாது.

ஒரு நிகழ்ச்சி

நம் சங்கத்துக்கு அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர், ஒரு நாள் வாட்டமுற்ற முகத்துடன் வந்தார். "என்ன நானா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று விசாரித்தோம். "உடம்புக்கு ஒன்றுமில்லை தம்பி. கணினியில் ரைட்டர் போய்விட்டதாம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நாளைக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்" என்றார்.

எதற்காகத் தட்டு எழுத வேண்டும் என்று கேட்டபோதுதான் முழு விவரமும் வெளியாயிற்று. அவருடைய மனைவியார் இறந்து சில ஆண்டுகளாகின்றன. அந்த அம்மையார் பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லியதை ஒரு காலத்தில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடக்கூடிய பதிவு. பின்னர்ப் பேரன் ஒருவன் அதைக் கணினிக்கு மாற்றினான். அதன் பிறகு நாடா இயந்திரத்தில் சிக்கி அறுந்து போயிற்று. ஆகவே, அந்தக் குரல் உலகில் இருக்கும் ஒரே இடம் அந்தப் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்தான். தம் மூன்று மக்களுக்கும் ஆளுக்கொரு தட்டாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே பெரியவரின் ஆசை.

ஹார்ட் டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் பதித்திருந்தால் அந்தக் குரல் என்னவாகியிருக்கும்? கடைக்காரர் கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அவரும் கேட்கவில்லை, பெரியவரும் சொல்லவில்லை. நோயைக் கண்டறியுமுன் மருந்து கொடுக்கப் புறப்பட்டதே அங்கு நேர்ந்த பிழை.

ஆகவே, பாடத்தின் முதல் விதி இதுதான்: கருவியைச் செப்பனிடத் தொடங்குமுன், எழுத நினைத்த கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். பிரதியைத் திறந்து ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே மற்ற வேலை. பெரியவர் வீட்டில் நாம் செய்த முதல் காரியமும் அதுவே.

மூன்று சாட்சிகள்

ஒரு வழக்கை விசாரிப்பவர் சாட்சிகளை வரிசையாக அழைப்பார். நாமும் அவ்வாறே செய்வோம். ரைட்டரைக் 'காண' வேண்டியவர் கணினிக்குள் மூவர் இருக்கின்றனர். முதலாமவர், கணினியை இயக்கியவுடன் விழித்துக்கொள்ளும் பயாஸ். இரண்டாமவர், அதன் பின் எழும் விண்டோஸ். மூன்றாமவர், தட்டு எழுதுவதற்கென்று நாம் வைத்திருக்கும் மென்பொருள். முன்னவர் காணாததைப் பின்னவர் காண்பது அரிது. ஆனால், முன்னவர் கண்டதைப் பின்னவர் காணாமற் போவது மிக எளிது. ஆதலின், "காணோம்" என்று சொன்னவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டால், குறை எங்கே இருக்கிறதென்பது பாதி விளங்கிவிடும்.

முதற் சாட்சி: பயாஸ்

கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். பெரும்பாலும் முதல் திரையின் அடியில் எழுதியிருக்கும். உள்ளே இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் தோன்றும். அதில் ரைட்டரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் இல்லையெனில், விண்டோஸை அழித்துப் பதிப்பதால் பயன் ஒன்றுமில்லை. குறை பெரும்பாலும் வயரிலோ, மின்சாரத்திலோ, கருவியிலோ இருக்கிறது. "தட்டு வைக்கும் தட்டம் வெளியே வருகிறதே, விளக்கு எரிகிறதே, அப்படியானால் வயரெல்லாம் சரிதானே?" என்று சிலர் வாதிப்பர். தட்டம் திறப்பது கருவிக்கு மின்சாரம் வருகிறதென்பதற்கு மட்டுமே அத்தாட்சி. செய்தி செல்லும் வயர் வேறு, மின்சாரம் செல்லும் வயர் வேறு என்பதை மறந்துவிடலாகாது.

கணினியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்ட பிறகு மூடியைத் திறங்கள். நம் உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் உள்ளுறுப்புகளுக்கு ஊறு செய்யாதிருக்கவே இவ்வாறு தொடுகிறோம். சாட்டா வகைக் கருவியாயின், செய்தி வயர் 7 இணைப்புகளும், மின்வயர் 15 இணைப்புகளும் கொண்ட மெல்லிய செருகிகளாக இருக்கும். இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். அப்போதும் பயனில்லையேல் வேறொரு செய்தி வயரைப் போட்டும், தாய்ப்பலகையில் வேறொரு துளையில் செருகியும் பாருங்கள். அத்துளை பயாஸில் முடக்கி வைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

பழைய ஐடிஇ வகையாயின், 40 துளைகள் கொண்ட அகன்ற நாடா வயர் இருக்கும். ஒரே நாடாவில் இரு கருவிகள் தொங்கும்போது ஒன்று 'மாஸ்டர்', மற்றொன்று 'ஸ்லேவ்' என்று பின்புறமுள்ள சிறு ஜம்பரால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றிருந்தால் ஒன்றோ, இரண்டுமோ காணாமற்போகும்.

யூஎஸ்பி வயரால் வெளியே செருகும் மெல்லிய ரைட்டர் வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை கொடுக்கக் கடமைப்பட்ட மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 துளைக்கு 900. தட்டைச் சுழற்றி எழுதும் நேரத்தில் சில ரைட்டர்கள் இதற்கு மேலும் கேட்கும். அதனாற்றான் சிலவற்றுடன் இரண்டு தலை கொண்ட வயர் கொடுக்கப்படுகிறது. இரண்டு தலையையும் செருகாமல் ஒன்றை மட்டும் செருகிவிட்டுக் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. மின்சாரம் தனியே இல்லாத ஹப்பில் செருகாமல், கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

இரண்டாம் சாட்சி: விண்டோஸ்

பயாஸ் கண்டுவிட்டது, ஆனால் விண்டோஸில் ரைட்டருக்குரிய சின்னம் இல்லை. நம் பெரியவர் வீட்டில் இருந்த நிலை இதுவே. அவருடையது விண்டோஸ் 7 உள்ள கணினி.

இந்நிலையில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே டிவிடி, சிடி-ரோம் கருவிகள் என்னும் தலைப்பின்கீழ் ரைட்டரின் பெயர் இருக்கும். அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால், பெயரை இருமுறை தட்டுங்கள். ஒரு குறி எண் தோன்றும். 19, 31, 32, 39, 41 ஆகிய எண்களுள் ஒன்று வந்தால் மனந்தளர வேண்டாம். கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விண்டோஸ் அதனுடன் பேசும் பாதையில்தான் அடைப்பு. பெரியவர் கணினியில் வந்த எண் 39.

முதலில் எளிய மருந்து. ரைட்டரின் பெயர்மீது வலப்பொத்தானை அழுத்தி 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் கருவியைப் புதிதாகக் கண்டு, டிரைவரைத் தானே பதித்துக்கொள்ளும். பல வேளைகளில் இதுவே போதும்.

இதிலும் தீராவிடில், அடைப்பு எதுவென்று அறிய வேண்டும். தட்டு எழுதும் மென்பொருள்களிற் சில, விண்டோஸுக்கும் ரைட்டருக்கும் நடுவே தம் சிறு நிரல் ஒன்றைக் காவலாள்போல் நிறுத்தி வைக்கும். அதற்கு 'ஃபில்டர்' என்று பெயர். பிற்காலத்தில் அம்மென்பொருளை நீக்கும்போது, காவலாள் போய்விடுவான். ஆனால் "இவனைக் கேட்டே உள்ளே விடுக" என்ற கட்டளை மட்டும் விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் எஞ்சிவிடுவதுண்டு. இல்லாத காவலாளைத் தேடித் தேடி விண்டோஸ் கதவைத் திறக்காமலே நின்றுவிடும். பெரியவரின் பேரன், சில வாரங்களுக்கு முன் பழைய மென்பொருளொன்றை நீக்கிவிட்டு வேறொன்றைப் பதித்திருந்தான் என்பது விசாரித்தபோது தெரிந்தது.

இதற்கு மருந்து, அந்தப் பழைய கட்டளையை அழிப்பதே. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இம்முறையைச் சொல்லியிருக்கிறது. ரிஜிஸ்ட்ரியில் கை வைப்பது விளையாட்டன்று. ஆதலால் ஒவ்வொரு படியையும் நிதானமாகச் செய்க.

நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, 'ரெஜ்எடிட்' என்று தட்டித் திறங்கள். 'லோக்கல் மெஷின்' என்று முடியும் பெருங்கிளையில் தொடங்கி, சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். அங்கே நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாகப் பல கிளைகள் இருக்கும். நமக்கு வேண்டியது 4டி36ஈ965 என்று தொடங்குவது; இதில் டி, ஈ இரண்டும் ஆங்கில எழுத்துக்கள். அதைத் தொட்டதும், வலப்புறத்தில் 'கிளாஸ்' என்பதற்கு நேரே 'சிடிரோம்' என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஏனெனில், 967 என்று வருவது ஹார்ட் டிஸ்க்குகளுக்குரிய கிளை. 96பி என்று வருவது விசைப்பலகைக்குரியது. கிளை மாறி அழித்தால் விசைப்பலகையே வேலை செய்யாமற் போகலாம்.

சரியான கிளைதான் என்று உறுதியானபின், 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் அக்கிளையை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பி வர அதுவே வழி. பிறகு வலப்புறத்தில் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரு பெயர்களில் எது இருந்தாலும் அதை மட்டும் அழியுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். கணினியை நிறுத்தி இயக்குங்கள்.

பெரியவர் வீட்டில் இதைச் செய்து முடித்ததும், மறைந்திருந்த ரைட்டர் சின்னம் திரையில் தோன்றிற்று. "இத்தனை நாள் இங்கேதான் இருந்ததா?" என்று அவர் கேட்டார். ஆம், இருந்த இடத்தை விட்டு அது அசையவே இல்லை. இவ்வாறு அழித்த பிறகு, தட்டு எழுதும் மென்பொருள் ஏதேனும் தகராறு செய்தால், அதை மீண்டும் ஒருமுறை பதித்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய காவலாளையும் நாம் சேர்த்தே நீக்கியிருக்கக்கூடும்.

மூன்றாம் சாட்சி: மென்பொருள்

விண்டோஸில் சின்னம் இருக்கிறது. கடைத்தட்டைப் போட்டால் படிக்கவும் செய்கிறது. ஆனால் மென்பொருள் மட்டும் "ரைட்டர் இல்லை" என்கிறது. அப்படியாயின் நான்கு காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று, அது உண்மையிலேயே ரைட்டர்தானா? முகப்பில் 'டிவிடி-ரோம்' என்று மட்டும் பொறித்திருந்தால் அது படிக்கும், எழுதாது. சில கருவிகள் சிடியை மட்டும் எழுதி, டிவிடியைப் படிக்க மட்டும் செய்யும். 'ஆர்', 'ஆர்டபிள்யூ' என்ற குறிகள் எந்தப் பெயருடன் சேர்ந்திருக்கின்றன என்று உற்று நோக்குங்கள்.

இரண்டு, உரிமை. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற முந்தைய பதிப்புகளில், சாதாரணக் கணக்கில் நுழைந்தவரின் மென்பொருள் ரைட்டருக்கு நேரடியாகக் கட்டளையிட அனுமதி பெறாது. அப்பன் கணக்கில் தெரியும் ரைட்டர் மகன் கணக்கில் தெரியாமற் போவது இதனாலேயே. பழைய மென்பொருளாயின், அதை நிர்வாகியாக இயக்கிப் பாருங்கள்.

மூன்று, வயது. ரைட்டர்கள் யாவும் ஒரே பொதுக் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுமுன், மென்பொருள்கள் தமக்குத் தெரிந்த ரைட்டர்களின் பட்டியலொன்றை வைத்திருந்தன. பட்டியலில் இல்லாத புதிய கருவி, அவற்றுக்கு அந்நியன். அத்தகைய பழைய மென்பொருளைப் புதுப்பிப்பதோ, மாற்றுவதோ நலம்.

நான்கு, போட்டி. இரண்டு எழுதும் மென்பொருள்களை ஒரே கணினியில் வைத்திருந்தால் ஒன்று மற்றொன்றின் வழியை மறிக்கலாம். மெய்யான கருவி இன்றியே தட்டு இருப்பதுபோல் காட்டும் 'வர்ச்சுவல் டிரைவ்' நிரல்களும் இத்தகைய குழப்பம் விளைவிப்பதுண்டு.

இவற்றையெல்லாம் ஒரே சோதனையால் பிரித்தறியலாம். விண்டோஸுக்கு எழுதும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. எக்ஸ்பி பதிப்பு சிடியை மட்டும் எழுதியது. 2007இல் கடைக்கு வந்த விஸ்டா முதல் டிவிடியையும் எழுதும். வெற்றுத் தட்டைப் போட்டு, ஒரு கோப்பை அதற்கு அனுப்பி, 'பர்ன் டு டிஸ்க்' கொடுங்கள். விண்டோஸ் எழுதிவிட்டால் ரைட்டர் குற்றமற்றது, குற்றவாளி மென்பொருளே.

ரைட்டரைக் காண்கிறது, தட்டைக் காணவில்லை

இது வேறொரு குறை; முன்னதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் வேண்டும். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். ஒரே கருவிக்குள் இவற்றில் ஒன்று தளர்ந்து, மற்றொன்று நன்றாயிருப்பது கூடும். டிவிடி ஓடி, சிடி மட்டும் ஓடாவிட்டால் இதுவே காரணமாகலாம். இத்தகைய தேய்மானத்துக்கு மென்பொருளில் மருந்தில்லை; அப்போது புதுக்கருவி வாங்குவதே முறை. லேசரைப் பார்க்கும் ஆவலில் ரைட்டரைத் திறந்து வைத்து இயக்காதீர்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

தட்டின் இனமும் முக்கியம். பழைய ரைட்டர்கள் சில 'கழித்தல் ஆர்' தட்டை ஏற்று, 'கூட்டல் ஆர்' தட்டை ஏற்கா. 8.5 ஜிகாபைட் கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டு, 4.7 ஜிகாபைட் தட்டு மட்டும் அறிந்த கருவிக்குப் புரியாது.

எழுதும்போது

வீட்டுப் பிளேயரில் கேட்பதற்கான தட்டாயின், கோப்புகளை அப்படியே எழுதாமல் 'ஆடியோ சிடி' என்ற வகையைத் தெரிந்தெடுங்கள். 700 மெகாபைட் தட்டில் 80 நிமிட ஒலி கொள்ளும். எழுதி முடிந்ததும், அத்தட்டை வேறொரு கருவியில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். எழுதிய கருவியிலேயே ஓடுவது முழுமையான சோதனையன்று. எழுதிய தட்டை வெயில் படும் இடத்திலும், காருக்குள்ளும் வைக்காதீர்கள். அதன் சாயப்படலம் வெப்பத்தாலும் ஒளியாலும் கெடும்.

விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்குரிய பொது உதவி 2025 அக்டோபரோடும் முடிந்துவிட்டன. பழைய கணினியைத் தட்டு எழுத மட்டும் வைத்திருப்போர், அதை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பது நன்று.

நினைவிற் கொள்க

பிரதி முதலில், பரிசோதனை அடுத்து, மருந்து கடைசியில். பயாஸ் காணாவிடில் வயரையும் மின்சாரத்தையும் பார். விண்டோஸ் காணாவிடில் டிவைஸ் மேனேஜரில் குறி எண்ணைப் பார். மென்பொருள் காணாவிடில் கருவியின் இனம், உரிமை, வயது, போட்டி ஆகிய நான்கையும் பார். மூவரும் கண்டும் தட்டு ஏறாவிடில் லேசரையும் தட்டையும் சந்தேகி.

பெரியவருக்கு அன்று மாலை மூன்று தட்டுகள் எழுதிக் கொடுத்தோம். நான்காவதாக ஒன்றும் கேட்டார். "இது யாருக்கு நானா?" என்றோம். "எனக்குத்தான் தம்பி. கணினியை இயக்க எனக்கு வராது, பிளேயரில் போட்டுக்கொள்வேன்" என்றார். முதற் தட்டைச் சோதிப்பதற்காக ஓடவிட்டபோது, அந்த அம்மையாரின் குரல் 40 நிமிடமும் அறையில் ஒலித்தது. முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுக் கணினியிலும் இத்தகைய பதிவு ஒன்று இருக்கக்கூடும். ரைட்டர் கெடும்வரை காத்திராமல், இந்த வாரமே அதற்கொரு பிரதி எடுத்து வையுங்கள்.